மோட்டாருக்கு முகம் எந்தப் பக்கம்

என் அக்கா கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் உள்ள ஓர் அரிசி ஆலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறாள். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவள். ஆலை என்று நான் எழுதுகிறேன். அங்கே எல்லோருக்கும் அது மில். முதுகலைத் தமிழின் முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அவளோடு நானும் அந்த மில்லுக்குப் போய்வந்தேன். அழைத்தவள் அவள்தான்.

"வீட்ல படிக்கறத அங்க வந்து படி. ஆபீஸ் ரூம்ல ஃபேன் இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டிலும் மின்விசிறி உண்டு. வேறு காரணம் இருக்க வேண்டும் என்று தெரிந்தது; கேட்கவில்லை. நாங்கள் இருவருமே கேட்காமல் தெரிந்துகொள்வதை விரும்புகிறவர்கள்.

காரணம் போன அன்றே புரிந்தது. அவித்த நெல்லை உலர்த்துவதற்கு அங்கே ஒரு பெரிய காற்றூதி இருக்கிறது. புளோயர் என்பார்கள். நத்தை ஓட்டைப் போல் சுருண்ட, ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு உறை. அதற்குள் இறக்கைச் சக்கரம். பாய்லரின் சூட்டைக் காற்றாக்கி உலர்த்தும் கோபுரத்துக்குள் அனுப்புவது அதன் வேலை. அதைச் சுழற்றும் மோட்டார் பக்கத்திலேயே ஒரு கான்கிரீட் மேடையில், படுத்திருக்கும் கன்றுக்குட்டியின் அளவில் இருந்தது. அந்த மோட்டார் அடிக்கடி கருகியது. கருகும் ஒவ்வொரு முறையும் திருவண்ணாமலையில் உள்ள கடைக்குப் போய், உள்ளே புதுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. காயில் கட்டுவது என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு முறை கட்டி வந்தபோதும் முன்னைவிடக் கூடுதலாகச் சூடேறியது.

இனிக் காயில் கட்டிப் பயனில்லை, புது மோட்டார் வாங்க வேண்டும் என்று அக்கா முதலாளியிடம் சொன்னாள். அதே மின்சாரத்தில் நல்ல காற்றுத் தரும் என்றும் சொன்னாள். முதலாளி பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடித்துவிடும் சமண வீட்டுக்காரர். பேச்சையும் அதே அளவோடு வைத்திருப்பவர். யோசித்து, ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"வாங்கறேம்மா. ஒழுங்கா ஓடுச்சுன்னா மில்லுல இருக்கற அத்தன மோட்டாரும் உங்க பொறுப்பு. ஓடலன்னா மேஸ்திரியே பழையபடி பாத்துக்கட்டும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து லாரிக்குச் சீட்டு போடுங்க. வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்."

அனுப்ப மாட்டேன் என்று அவர் கருணையோடு சொன்ன கடைசி வாக்கியம்தான் அக்காவைச் சுட்டது. சீட்டு எழுதும் நாற்காலியில் உட்காருவதற்கு மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பிறகு ஒரு ஸ்பேனரைக்கூடத் தன் கையில் யாரும் கொடுக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் தன் பக்கம் என்று ஒருவராவது இருக்கட்டும் என்றுதான் என்னை அழைத்துப்போயிருந்தாள்.

எதிர்ப்பக்கம் என்று மில்லின் மூத்த மெக்கானிக்கான மேஸ்திரியைச் சொல்வது சரியாகாது. மில் தொடங்கியபோது முதல் மோட்டாரை இறக்கிவைத்தவர் அவர். மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அக்கா டிப்ளமோதான் படித்திருக்கிறாள் என்று தெரிந்தே அவளை 'இஞ்சினீரம்மா' என்று அழைப்பார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

பழைய மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் அக்கா அதைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுவிட்டு வந்து பார்த்தாள். மோட்டாரின் தண்டும் அதில் மாட்டிய புல்லியும் சுவரை ஒட்டிய பக்கம் இருந்தன. புல்லியிலிருந்து பெல்ட்டுகள் புளோயருக்குப் போயின. சுவருக்கும் புல்லிக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். அங்கே நுழைந்து, புல்லி வலமாகச் சுழல்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவைத்துக்கொண்டாள். புது மோட்டாரும் அதே திசையில் சுழல வேண்டும். புளோயரின் உறையில் இருந்திருக்க வேண்டிய அம்புக்குறி, ஆண்டுதோறும் அடித்த வெள்ளிப் பெயின்ட்டுக்கு அடியில் எங்கோ போயிருந்தது.

புது மோட்டார் சங்கிலியில் தொங்கி, மெதுவாக மேடைக்கு இறங்கியது. அதன்பிறகு அக்கா செய்ததெல்லாம் எனக்கு ஒரு பாடலுக்கு உரை எழுதுவதுபோல் இருந்தது. அவசரம் என்பதே இல்லை. நான்கு கால்களும் சமமாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். ஒரு காலின் கீழ் மட்டும் காகிதக் கனத்தில் தகடு செருகினாள். மோட்டாரின் புல்லியும் புளோயரின் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் ஒரு விளிம்பைத் தொட்டு, இன்னொன்றைத் தொடாமல் மயிரிழை விலகி நின்றது. போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை நெம்பி, மறுபடியும் நூல் பிடித்தாள்.

"இஞ்சினீரம்மா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க" என்றார் மேஸ்திரி.

"பொண்ணு பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் கோணலா இருந்தாலும் பெல்ட் தேயாது மேஸ்திரி" என்றாள் அக்கா. நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார்.

பெல்ட் மாட்டுவதற்கு முன் சுழலும் திசையைப் பார்த்துவிட வேண்டும். இத்தகைய மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் மின்சாரம் வருகிறது; அவற்றில் எந்த இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். எனவே வெறும் மோட்டாரை ஒரு நொடி ஓடவிட்டு, திசை சரியா என்று பார்ப்பது வழக்கம். ஸ்டார்டர் பெட்டி உமித்தூசி படாமலிருக்க வேறு அறையில் இருந்தது. அங்கிருந்து மோட்டார் தெரியாது. ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

"மொத ஓட்டம் நாந்தான் போடுவேன்" என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். பொத்தானை வேறு யாரிடமும் தர அவளுக்கு மனமில்லை.

அதற்குள் மேஸ்திரி பூசையை முடித்தார். தண்டுக்கு எதிர்முனையில் மோட்டாருக்கு வட்டமான ஒரு மூடி உண்டு. கம்பி வலை போட்ட அந்த மூடிக்குள் மோட்டாரைக் குளிர்விக்கும் சிறிய விசிறி இருக்கிறது. மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியை மேலே சார்த்தினார். கற்பூரத் தட்டைச் சுற்றிக் காட்டினார். முதலாளி கைகூப்பிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

"மேஸ்திரி, முன்பக்கமா நின்னு பாருங்க. வலமா சுத்தணும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டார்டர் அறைக்குப் போனாள்.

"வலம் தெரியாத ஊர்க்காரனாம்மா நானு? பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்தறவன்."

உள்ளே பொத்தான் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் ஒரு பெருமூச்சோடு எழுந்து, உடனே நிறுத்தப்பட்டு, மெல்ல மெல்ல அடங்கியது. வலைக்குள் விசிறியின் இதழ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மேஸ்திரியின் அருகில் நின்று நானும் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லாமல் வலமாகவே சுழன்றன.

"வலந்தாம்மா! ஷோக்கா சுத்துது" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார்.

பெல்ட்டுகள் ஏறின. அவற்றின்மேல் இரும்புக் கூண்டு வந்து மூடிக்கொண்டது. புளோயர் ஓடியது; காற்று வந்தது. அன்று அக்கா வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் நெல் உலரவில்லை. ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பாய்லரில் எரிக்கும் உமி நனைந்திருக்கும், சூடு ஏறியிருக்காது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாளும் உலரவில்லை. அவித்த நெல் உலராமல் நின்றால் ஒரு புளித்த வாடை வரும். மில்லின் வாசலிலேயே அந்த வாடை எங்களை எதிர்கொண்டது. அக்கா டாங் டெஸ்டரை, கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் காட்டும் அந்தக் கருவியை, மூன்று கம்பிகளிலும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். புது மோட்டார் இழுக்க வேண்டியதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தது. பழைய மோட்டாரைவிடவும் அதிகம்.

"ஆம்பியரு ஜாஸ்தி, காத்து கம்மி" என்றார் மேஸ்திரி. "பெரிய எடத்துப் பையன வேலைக்கு வெச்ச மாதிரி. சாப்பாடு மட்டும் கரெக்டா உள்ள போவுது."

அக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தாள். பேரிங்குகளில் காது வைத்துக் கேட்டாள். பெல்ட்டின் இறுக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் நூல் பிடித்தாள். கம்பிச் சுருள்களிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று அளந்தாள். எங்கும் குற்றமில்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாமை அவளுக்கு நிம்மதி தரவில்லை. பிழையில்லாத வாக்கியம் ஒன்று பொருளில்லாமல் நிற்பதைப் பார்ப்பதுபோல் அந்த மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா ஏதாவது கேட்டால், "ஓடுதும்மா" என்பாள். அது உண்மைதான்.

மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அறுவடைக் காலம், நெல்லைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு பிற்பகல் முதலாளி உலர்த்தும் கோபுரத்தின் அடியில் வந்து நின்று, காற்று வரும் வாயில் கையை நீட்டிப் பார்த்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"பழைய மோட்டாரக் கடையில குடுத்திருந்தேன், காயில் கட்டி முடிச்சிட்டாங்களாம். லாரிக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல அத எடுத்தாந்து எறக்கிட்டு, இத ஏத்திக்கினு போவாங்க. வாங்கின எடத்துல பேசிக்கலாம்."

"சரிங்க சார்" என்றாள் அக்கா.

"மனசுல வெச்சிக்காதீங்கம்மா. ஆபீஸ்ல நாளைலேர்ந்து..." என்று தொடங்கியவர், முடிக்காமல் விட்டுவிட்டு நடந்தார்.

அன்று பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்குள் விடாமல் வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீடு மலைக்கு மறுபக்கம், அடி அண்ணாமலையில். பௌர்ணமி மாலையில் அங்கே போய்ச்சேர நடப்பதைத் தவிர வழியில்லை. நாங்கள் வரும் திசையிலிருந்து நடந்தால், கூட்டத்துக்கு எதிர்முகமாகத்தான் நடந்தாக வேண்டும். வலம் வருகிறவர்கள் அத்தனை பேரும் எதிரே வந்துகொண்டிருக்க, சாலையின் ஓரத்தோடு ஓரமாக நாங்கள் போனோம். அக்காவின் ஒரு கையில் கருவிப்பை, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. மில்லில் இருந்த தன் பொருள்கள் எல்லாவற்றையும் அவள் எடுத்துவந்திருக்கிறாள் என்பதைப் பையின் கனத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"எதுருல வராதீங்கம்மா, வலமா போங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே கடந்தார்.

"எங்க வூட்டுக்குப் போறோங்க" என்றாள் அக்கா, நிற்காமல்.

சற்றுத் தூரம் போனதும் ஒரு குடும்பம் வழிமறித்தது. நடுவயதுப் பெண், கணவர், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்ட இரண்டு பெண்பிள்ளைகள்.

"ஏம்மா, நீங்க இந்த ஊருதானே? பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

"நாங்க வந்த வழியிலயே இருக்குங்க. கொஞ்சம் போனா வலது பக்கம்" என்றாள் அக்கா. இரண்டு கைகளும் நிறைந்திருந்ததால் சுட்டிக்காட்டவில்லை.

அந்தப் பெண் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "வலது பக்கம் மலதானேம்மா இருக்கு?"

"மல மேல ஏறச் சொல்றாங்கடி" என்றார் கணவர்.

"உங்களுக்கு இடது பக்கங்க. எங்களுக்குத்தான் வலது" என்று நான் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நான் நடந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் அக்கா பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் நின்றிருந்தாள். கூட்டம் அவளுக்கு இருபுறமும் பிளந்து போயிற்று.

நான் திரும்பிப் போய் அவள் கையிலிருந்த கூடையை வாங்கினேன்.

"அன்னிக்கு மேஸ்திரி எங்க நின்னு பாத்தாரு?" என்று கேட்டாள்.

"முன்பக்கந்தான். நீதான சொன்ன."

"எது முன்பக்கம்?"

"பொட்டு வெச்ச பக்கம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "ஏய், அது பின்பக்கம்டி" என்றாள்.

"பின்பக்கம் யாராவது பொட்டு வெப்பாங்களா?"

அவள் நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். தண்டும் புல்லியும் இருக்கும் முனைதான் மோட்டாரின் முன்பக்கம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேலை நடக்கும் பக்கம் அது. மேஸ்திரிக்கோ, எனக்கோ அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை. சுழலும் தண்டில் சந்தனம் நிற்காது. வட்டமாக, அசையாமல், நம்மைப் பார்த்தபடி இருப்பது அந்த மூடிதான். எங்கே பொட்டு வைக்கிறோமோ அதுதானே முகம்? முகம் இருக்கும் பக்கம்தானே முன்பக்கம்? மேஸ்திரி முகத்துக்கு நேரே நின்றார், வலமாகச் சுழல்வதைப் பார்த்தார், வலம் என்றார். அதே நொடியில் எதிர்முனையில், சுவரோரம், யாரும் நிற்காத இடத்தில் அது இடமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"காத்து வந்துச்சேக்கா? தலைகீழா சுத்தினா உள்ள இழுக்காதா?" என்று கேட்டேன்.

"இந்த மாதிரி புளோயர் எப்படிச் சுத்தினாலும் அதே வாய் வழியாத்தான் காத்து வரும். கம்மியா வரும். றெக்க தப்பான பக்கம் காத்த வாங்கறதால மோட்டாருக்கு பாரம் ஜாஸ்தி." சொல்லிக்கொண்டே வந்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆம்பியரு ஜாஸ்தி, காத்து கம்மி" என்று விரல்களுக்குள்ளேயே சொன்னாள். அவள் சிரிக்கிறாளா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அக்கா எழுந்து கருவிப்பையைத் தூக்கிக்கொண்டாள். நான் 'வலம்' என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பொருள் கேட்பவர் கிடையாது. மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்து அறியும் திசை அல்ல அது, நடப்பவரின் தோள் அறியும் திசை. நடப்பவருக்குத் தலை மேலே, பாதம் கீழே என்பதை அந்தச் சொல் சொல்லாமலே தனக்குள் வைத்திருக்கிறது. படுத்த வாக்கில் சுழலும் ஓர் இரும்புத் தண்டுக்குத் தலை எது, பாதம் எது? எந்த முனையில் போய் நிற்கிறோமோ அந்த முனைக்கு நம் உடம்பைக் கடன் கொடுக்கிறோம். இரண்டு பேர் இரண்டு முனைகளில் நின்று ஒரே சொல்லைச் சொல்லலாம். இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம்.

காலையில் நாங்கள் போனபோது லாரி வந்துவிட்டிருந்தது. பழைய மோட்டார் சாக்கு சுற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் கதவோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். புது மோட்டாருக்குமேல் சங்கிலி தொங்கவிடப்பட்டிருந்தது. முதலாளியும் மேஸ்திரியும் அங்கே நின்றிருந்தார்கள்.

"சார், அவரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க" என்றாள் அக்கா.

முதலாளி ஓட்டுநரின் டம்ளரைப் பார்த்தார். "நிதானமாக் குடிப்பா" என்றார் அவரிடம்.

அக்கா மெயினை அணைத்தாள். பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினாள். பிறகு வெளியே வந்து பெல்ட்டின் கூண்டைக் கழற்றினாள். பியூஸ் கட்டைகளை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க மேஸ்திரி. நான் இங்க நின்னு பாக்கணும்."

"நானா?"

"கூப்பிடறப்ப போடுங்க."

அவர் கட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அக்கா சுவருக்கும் புல்லிக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போடுங்க" என்றாள்.

அன்றுவரை அந்த மில்லில் நான் கேட்டிராத ஓசை அது. முதலில் அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. பிறகு கோபுரத்தின் தகரங்கள் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. காற்றின் வாயருகே குவிந்திருந்த தூசியும் பதரும் ஒரே வீச்சில் எழுந்து வாசல்வரை பறந்தன. மூட்டைகளின்மேல் போட்டிருந்த தார்ப்பாய் புரண்டது. லாரி ஓட்டுநர் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "யோவ், டீயில உமி" என்று கத்தினார்.

அக்கா டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பி முதலாளியிடம் காட்டினாள். எண் இறங்கியிருந்தது.

முதலாளி காற்றின் வாயில் கையை நீட்டினார். உடனே எடுத்துவிட்டார். "அப்ப இத்தன நாளா தலைகீழாவா சுத்துச்சு?"

"ஆமாங்க சார்."

"அன்னிக்கு யாரு பாத்துச் சொன்னது?"

மேஸ்திரி அப்போதுதான் ஸ்டார்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். கேள்வி அவர் காதில் விழுந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் சற்று உரக்கப் பேச வேண்டியிருந்தது. உரக்கச் சொல்லப்படும் எதையும் மூட்டை தூக்குகிறவர்களும் கேட்பார்கள். அக்கா ஒரே பெயரைச் சொன்னால் போதும். மில்லின் மோட்டார்கள் எல்லாம் அன்றோடு அவளுடையவை. சொல்வதில் பொய்யும் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பெல்ட்டுகளைப் பார்த்தேன்.

"முன்பக்கம் நின்னு பாருங்கன்னு சொன்னது நானு" என்றாள் அக்கா. "எது முன்பக்கம்னு சொல்லல. நானே வந்து பாத்திருக்கணும் சார். ஸ்விட்ச்ச யாருகிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல."

"பொட்டு வெச்ச பக்கம் நின்னு பாத்தேன் மொதலாளி" என்றார் மேஸ்திரி. "வலமாத்தான் சுத்துச்சு. இப்பவும் சொல்றேன், வலமாத்தான் சுத்துச்சு."

"அதுவும் சரிதான் சார்" என்றாள் அக்கா.

முதலாளி மோட்டாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். மூடியின் வலைக்கு நேரே குனிந்து நின்றார். பிறகு சுவரோரம் போய்ப் புல்லியைப் பார்க்க முயன்றார், இடம் போதவில்லை. திரும்பி வந்தார்.

"இதுல யாரு சொன்னது தப்பு?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டுநர் காலி டம்ளரோடு வந்து நின்றார். "முதலாளி, ஏத்தறதா வேணாவா?"

"பழச எறக்கி ஓரமா வெச்சிடு. அது ஸ்பேருக்கு இருக்கட்டும். வந்தது வந்துட்ட, தவிட்டு மூட்டை கெடக்குது, ஏத்திக்கினு போ." பிறகு அக்காவிடம், "ஒத்துக்கினது ஒத்துக்கினதுதாம்மா. மத்த மோட்டாருங்களையும் நீங்களே பாருங்க. ஆனா ஒண்ணு. எதை ஸ்டார்ட் பண்ணாலும் மேஸ்திரி ஸ்விட்ச்சுகிட்ட, நீங்க மோட்டாருகிட்ட. ஒரே ஆளு ரெண்டையும் பண்ணக்கூடாது" என்றார்.

அக்கா தலையசைத்தாள். அவர் முதலில் சொல்லியிருந்தது முழுப்பொறுப்பு. கிடைத்தது அதுவா, வேறொன்றா என்று அவள் அந்த நேரத்தில் எடைபோட்டிருக்க வேண்டும்.

முதலாளி போனபிறகு மேஸ்திரி மூடியிலிருந்த காய்ந்த சாமந்தியை எடுத்தெறிந்தார். "அப்ப இனிமே வலமா எடமான்னு கேக்கக்கூடாதா? இன்னான்னு கேக்கறது?"

அக்கா சுற்றிலும் பார்த்தாள். "புல்லியோட மேல்பக்கம் எங்க உருளுதுன்னு பாருங்க. பாய்லர் பக்கமா, ரோட்டுப் பக்கமா. எங்க நின்னு பாத்தாலும் அது மாறாது."

"பாய்லர எடம் மாத்திட்டா?"

"அப்ப உங்கள கேட்டுத்தான் மாத்துவாங்க மேஸ்திரி."

"அப்படிச் சொல்லு இஞ்சினீரம்மா" என்றார் அவர். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூண்டை மாட்ட உட்கார்ந்தார். அவள் மறுபக்கம் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

மாலையில் பேருந்தில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. நெல் உலர்ந்த வாடை இருவர் உடையிலும் இருந்தது. பாதிப் பொறுப்புதானே கிடைத்தது, வருத்தமா என்று கேட்க நினைத்தேன். நாங்கள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். எனினும் அன்று கேட்டுவிட்டேன்.

அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்பவும் நாந்தான் ஸ்விட்ச் போடுவேன். அந்த ரூம்லேர்ந்து சத்தம் மட்டுந்தான் கேக்கும். ஒரு மோட்டார் நின்ன எடத்துலேர்ந்து கெளம்பறத இன்னிக்குத்தான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கெளம்பறப்ப ஒரு குலுக்கல் குலுக்குது. சத்தத்துல அது தெரிஞ்சதே இல்ல." சற்று யோசித்தாள். "ரோட்டுப் பக்கத்து போல்ட்ல ஒண்ணு இன்னும் கொஞ்சம் இறுக்கணும். நாளைக்குப் போனதும் மொத வேல அதான்."